“எனக்கு வருது சார், அவங்களுக்கு வரலையாம்”: பல்கலைக்கழக வெப்சைட்டில் பிழை தேடும் வழி

பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அறையில் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: “சைட் வேலை செய்யல.” தேர்வுப் பிரிவிலிருந்து பேசுகிறவர் சொன்னால், நேற்று ஏற்றிய கட்டண அறிவிக்கை முகப்பில் வரவில்லை என்று அர்த்தம். தமிழ்த் துறையிலிருந்து என்றால், கருத்தரங்க அழைப்பிதழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பதிவாளர் அலுவலகத்திலிருந்து என்றால் உண்மையிலேயே சைட் விழுந்திருக்கலாம்.

என்ன பிரச்சினை என்று நான் முதலில் கேட்பதில்லை. “யாருக்கு வருது, யாருக்கு வரல?” என்றுதான் கேட்பேன். லாகின் செய்து உள்ளே உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் தளம் வேறு. பஸ்ஸில் நின்றபடி போனில் திறக்கும் மாணவர் பார்க்கும் தளம் வேறு. கீழே வரும் பிழைகளில் முக்கால்வாசி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

இங்கே சொல்வதெல்லாம், தளத்தின் பக்கங்களை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு. அதேபோன்ற துரூபல் வைத்திருப்பவர்களுக்கு மெனு பெயர்கள் மாறும், நோய்கள் ஏறக்குறைய இவைதான். துறையில் பக்கம் திருத்துபவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியதை முதலில் சொல்கிறேன். சர்வரில் கை வைக்க வேண்டியவை பின்னால் வரும்.

“மாத்திட்டேன், ஆனா வெளியில பழசுதான் தெரியுது”

இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள். போனில் மொபைல் டேட்டாவில் திறந்தால் இன்னும் நல்லது. அங்கேயும் பழசு வந்தால், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேருங்கள்: ?27 என்பதுபோல. இப்போது புதுசு வந்துவிட்டால் உங்கள் திருத்தம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு கேஷ், அதாவது வேகத்துக்காகப் பக்கத்தின் நகலை வைத்திருக்கும் இடம், பழைய நகலை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறது. லாகின் செய்தவர்களுக்குக் கேஷ் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) நகலைக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரித்துத் தருகின்றன. அதனால்தான் உங்களுக்குச் சரியாகத் தெரிகிறது.

கேஷ் ஓர் அடுக்கு மட்டும் இல்லை. வேர்ட்பிரஸுக்குள் பிளகின் கேஷ், சர்வரில் பக்கங்களை வெளியே அனுப்பும் என்ஜின்எக்ஸ் அல்லது வார்னிஷ், அதற்கும் வெளியே கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவை ஒன்று, கடைசியாகப் பார்ப்பவரின் பிரவுசர். உள்ளேயிருந்து வெளியே என்ற வரிசையில் காலி செய்யுங்கள். வெளியடுக்கை முதலில் காலி செய்தால், அது உடனே உள்ளடுக்கிடம் போய் அதே பழைய நகலை மறுபடி வாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் இன்னொரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். “கன்ட்ரோல் எஃப்5 அடிக்கச் சொல்லுங்க” என்பது ஒருவருக்குச் சொல்லலாம், பத்தாயிரம் மாணவர்களுக்குச் சொல்ல முடியாது.

எண் சேர்த்தும் பழசுதான் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் திருத்தம் அந்தப் பக்கத்தில் நடக்கவேயில்லை. நீங்கள் திருத்தியது வேறு பக்கம். முகவரியின் கடைசியில் -2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ அதே தலைப்பில் இரண்டாவது பக்கம் ஒன்றை உருவாக்கியிருப்பார்கள். மெனு ஒன்றைக் காட்டும், டேஷ்போர்டில் தேடினால் மற்றது வரும். எங்கள் நூலகத்துக்கு மூன்று ‘வேலை நேரம்’ பக்கங்கள் இருந்தன. மூன்றிலும் வேறு வேறு நேரம்.

“பப்ளிஷ் பொத்தானே இல்லை”

இது பிழை இல்லை, உங்கள் லாகினுக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு (ரோல்) அவ்வளவுதான். கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், வெளியிட முடியாது; படமோ பிடிஎஃபோ ஏற்றவும் முடியாது. அவர் எழுதியதை ஒருவர் வெளியிட்டுவிட்டால், பிறகு தன் எழுத்தையே அவரால் திருத்த முடியாது. ஆதர் செய்திகளை (‘போஸ்ட்’) வெளியிடலாம், ஆனால் நிலையான பக்கங்களான ‘பேஜ்’ வகையைத் தொட முடியாது. துறைப் பக்கங்கள் எல்லாமே ‘பேஜ்’தான் என்பதால் துறை ஒருங்கிணைப்பாளருக்கு ஆதர் பொறுப்பு கொடுத்தால் தினமும் போன் வரும். எடிட்டர் கொடுத்தால் அவர் துணைவேந்தர் பக்கத்தையும் திருத்தலாம். நடுவே ஒரு பொறுப்பை உருவாக்கி, இந்தத் துறைக்கு இந்தப் பக்கங்கள் மட்டும் என்று கட்டுப்படுத்தும் பிளகின் போடுவதுதான் வழி.

“அவங்க எழுதினது என்னோடதை அழிச்சிடுச்சு”

ஒரே பக்கத்தை இருவர் திறந்தால் வேர்ட்பிரஸ் எச்சரிக்கும்: இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று. 2013-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே இந்தப் பூட்டு இருக்கிறது. திறந்தவர் ஜன்னலை மூடாமல் கிளம்பிவிட்டாலும், அவர் கணினி தூங்கிய பிறகு சுமார் இரண்டரை நிமிடத்தில் பூட்டு தானே விலகிவிடும்.

ஆனால் இந்தப் பூட்டு ஆளைப் பார்ப்பதில்லை, லாகின் பெயரைத்தான் பார்க்கிறது. துறைக்கு ஒரே லாகின், அதன் பாஸ்வேர்டு அலுவலக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் என்று வைத்திருந்தால், இரண்டு பேர் இரண்டு அறையில் ஒரே பக்கத்தைத் திறந்தாலும் வேர்ட்பிரஸுக்கு அது ஒரே ஆள்தான். எச்சரிக்கை வராது. கடைசியாக அப்டேட் அழுத்தியவர் எழுதியது நிற்கும். பாதுகாப்புக்காகப் பொதுப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. “நீங்க டைப் பண்ணினது அழிஞ்சிடும்” என்றால் மறுநாளே தனித்தனி லாகின் கேட்டுக் கடிதம் வருகிறது.

அழிந்தது போய்விட்டதா? பக்கத்தின் வலது ஓரத்தில் ‘ரிவிஷன்ஸ்’ பாருங்கள். பழைய நிலைகளை அங்கிருந்து மீட்கலாம். குப்பையில் போட்ட பக்கம் 30 நாள் வரை இருக்கும். மீடியாவில் அழித்த பிடிஎஃபுக்கு மட்டும் குப்பைக்கூடை கிடையாது. சர்வரில் யாராவது அதைத் தனியாக இயக்கி வைத்திருந்தால் ஒழிய, அழித்தால் அழித்ததுதான்.

“புது பிடிஎஃப் போட்டேன், பழைய பிடிஎஃப்தான் திறக்குது”

வேர்ட்பிரஸ் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாது. அதே பெயரில் ஏற்றினால் பின்னால் -1 சேர்த்துத் தனியாக வைக்கும். மாதம் மாறியிருந்தால் அதுவும் சேராது. கோப்புகளை ஆண்டு, மாதம் வாரியான ஃபோல்டர்களில் வைப்பதால் ஒரே பெயரில் ஜூன் ஃபோல்டரில் ஒன்றும் ஜூலை ஃபோல்டரில் ஒன்றும் இருக்கும். பக்கத்தில் இருக்கும் லிங்க் ஜூன் கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும். லிங்கை மாற்றுங்கள், அல்லது ‘எனேபிள் மீடியா ரீப்ளேஸ்’ பிளகினை வைத்து அதே முகவரியில் கோப்பை மட்டும் மாற்றுங்கள். பாடத்திட்டம், கட்டண விவரம் போல வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் லிங்க் என்றால் இரண்டாவது வழிதான். மாற்றிய பிறகு மறக்காமல் கேஷையும் காலி செய்யுங்கள்.

“என் கணினியில் திறக்குது, சைட்டில் 404” என்றால், அதாவது கோப்பு இல்லை என்று சர்வர் சொன்னால், கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு. ஸ்கேனர்கள் சில, கோப்பின் பெயரையே பெரிய எழுத்தில் போடும். லிங்கில் நீங்கள் சிறிய எழுத்தில் அடித்திருப்பீர்கள்.

ஏற்றவே முடியவில்லை என்றால் அளவு. வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் இயல்பு வரம்பு 2 எம்பி. அதை ஏற்றி வைத்தும் 413 என்ற எண்ணோடு பிழை வந்தால், தடுப்பது பிஎச்பி இல்லை, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ். அதன் இயல்பு வரம்பு 1 எம்பிதான். இரண்டு இடத்திலும் உயர்த்த வேண்டும். ஆனால் அதற்கு முன், நாலு பக்கச் சுற்றறிக்கை ஏன் 38 எம்பி ஆனது என்று கேளுங்கள். கணினியில் டைப் செய்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்திருப்பார்கள். கருப்பு வெள்ளையில் 200 டிபிஐ போதும், சில நூறு கேபியில் முடிந்துவிடும். கையெழுத்திட்ட நகல் வேண்டும்தான். அதோடு வேர்டிலிருந்து நேரடியாகச் சேமித்த பிடிஎஃபையும் பக்கத்தில் வைத்தால் கூகுளும் தேடும், பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடரும் படிக்கும்.

“தமிழ் சரியா வரல”

இதில்தான் அதிக நேரம் போகிறது. தமிழ் எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். போனில் விவரிக்கச் சொல்லிப் பயனில்லை.

சாதாரண ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. டைப் செய்தவரின் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் வேர்டில் அவருக்குத் தமிழாகத் தெரியும். வெப்சைட்டில் ஒட்டியதும் எழுத்துரு கழன்றுவிடும், உள்ளே இருக்கும் ரோமன் எழுத்து வெளியே வந்துவிடும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையைத் தமிழக அரசு தரமாக ஏற்று அரசாணை போட்டது 2010-இல். ஆனாலும் அச்சகத்திலிருந்து வரும் அழைப்பிதழ் இன்றைக்கும் இப்படித்தான் வருகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்து மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். எண்களும், நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குழம்பாகியிருக்கும். மின்னஞ்சல் முகவரிகள் தப்பிப்பதே இல்லை.

மேலே கோடு போட்ட ரோமன் எழுத்துகளும், வட்டத்துக்குள் ஆர் போட்ட அந்த வணிகக் குறியும் மாறி மாறி வந்தால் கதை வேறு. யூனிகோடு தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் லத்தீன்-1 என்ற பழைய முறையில் தனித்தனி எழுத்தாகப் படித்தால், பெரும்பாலான தமிழ் எழுத்துகளின் இரண்டாவது பைட்டு அந்த வட்ட ஆர் குறியாகத்தான் தெரியும். அதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம். தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தப்பு. சர்வரை மாற்றிய மறுநாள் இது வரும். டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்துமுறையைச் சரிசெய்தால் எல்லாம் திரும்பிவிடும். அதுவரை யாரும் எந்தப் பக்கத்தையும் திறந்து அப்டேட் அழுத்தக் கூடாது. அழுத்தினால் சிதைந்தது சிதைந்தபடியே மறுபடி சேமிக்கப்பட்டு முடிச்சு இரட்டிப்பாகும்.

வெறும் ????? என்று வரிசையாக வந்தால் கவலைப்படலாம். டேட்டாபேஸ் தமிழை ஏற்க மறுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகக் கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. அதிலிருந்து மீட்க ஒன்றும் இல்லை. பேக்கப் எடுங்கள், அல்லது டைப் செய்தவரிடம் மறுபடி கேளுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொள்கை’ என்று தேடினால் வராது, ஆனால் பக்கத்தில் ‘கொள்கை’ இருக்கிறது. ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடாக அடிக்கும் மென்பொருள்கள் உண்டு. ‘கொ’வின் உயிர்க்குறி முழுவதையும் ஒரே குறியீடாக அடிப்பவையும் உண்டு. திரையில் வித்தியாசமே இருக்காது. சைட்டின் தேடலுக்கு இரண்டும் வேறு சொல். ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பதும், ‘பௌதிகம்’ என்பதில் கொம்புக்குப் பக்கத்தில் ளகரத்தைப் போடுவதும் இதே ரகம். முதல் வகையை நார்மலைஸ் செய்யும், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், ஒரு சின்ன நிரலால் ஒரேயடியாகத் திருத்திவிடலாம். ளகர வகையைக் கையால்தான் தேடித் திருத்த வேண்டும்.

தமிழ்த் தலைப்பு வைத்த பக்கத்தின் முகவரியும் ஒரு வம்பு. தலைப்பையே முகவரியாக மாற்றும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 9 இடம் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 200 இடம்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு என்பதால் 22 குறியீட்டோடு கணக்கு முடிந்துவிடும். ‘பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் ஏப்ரல்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘பல்கலைக்கழகத்-தேர்வு-முட’ என்று நிற்கும். அடுத்து ‘நவம்பர்’ என்று இன்னொன்று போட்டால் அதற்கும் அதே ‘முட’. பின்னால் -2 சேரும். மேலே சொன்ன இரட்டைப் பக்கக் குழப்பத்துக்கு இது ஒரு முக்கிய ஊற்று. தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ‘ரிசல்ட்ஸ்-ஏப்ரல்-2025’ என்பதுபோல ரோமன் எழுத்தில் சுருக்கமாக நீங்களே அடித்துவிடுங்கள்.

“அப்டேட்டிங் ஃபெயில்டு, ஜேசன் என்னமோ சொல்லுது”

முதல் வேலை, எழுதியதை முழுக்கக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுவது. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

லாகின் காலாவதியாகியிருக்கலாம். இன்னொரு டேபில் டேஷ்போர்டைத் திறந்து மறுபடி லாகின் செய்துவிட்டு, பழைய டேபுக்கு வந்து அழுத்திப் பாருங்கள். எல்லாருக்கும் எல்லாப் பக்கத்திலும் இந்தப் பிழை வந்தால், செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். சர்வர் மாற்றிய பிறகு வருவது பெரும்பாலும் அதில் தீரும். தீராவிட்டால் அதே செட்டிங்ஸில் தள முகவரி எச்டிடிபிஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஒரு பத்தியைச் சேர்த்தால் மட்டும் வருகிறது என்றால் சுவாரசியமான கேஸ். ஒரு தடவை மாணவர் பேரவைத் தேர்தல் அறிவிப்பை ஆங்கிலத்தில் போட முயன்றபோது சேமிக்கவே இல்லை. மற்ற எல்லாப் பக்கமும் சேமித்தது. பத்திகளை வெட்டி, பாதியை மட்டும் சேமித்துப் பார்த்தேன், சேமித்தது. மறுபாதியும் தனியாகச் சேமித்தது. இரண்டையும் சேர்த்தால் இல்லை. கடைசியில் பார்த்தால், முதல் பத்தியில் ‘ஸ்டூடன்ட்ஸ் யூனியன்’, அடுத்த பத்தியில் பிரதிநிதிகளை ‘செலக்ட்’ செய்வது, அதே வரியில் இந்தப் பட்டியலிலிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’. யூனியன், செலக்ட், ஃப்ரம் என்ற மூன்று சொல்லும் இதே வரிசையில் வந்தால், டேட்டாபேஸைத் திருட நுழைபவன் அடிக்கும் கட்டளை அது என்று சர்வரின் ஃபயர்வால் நினைத்துக்கொள்கிறது. மாட்செக்யூரிட்டி என்ற ஃபயர்வால் வைத்திருக்கும் சர்வர்களில் இப்படி ஒரு விதி உண்டு. ‘செலக்ட்’டை ‘சூஸ்’ ஆக்கியதும் போய்விட்டது.

ஆசிரியர்களை அகராதி பார்த்து எழுதச் சொல்ல முடியாது. பிழை வந்த நேரத்தை நிமிடம் வரை குறித்து சர்வர்காரரிடம் கொடுங்கள். ஃபயர்வால் லாகில் அந்த நேரத்தில் 403 (அனுமதி மறுப்பு) என்று ஒரு வரியும் தடுத்த விதியின் எண்ணும் இருக்கும். லாகின் செய்தவர்கள் சேமிக்கும் வழிக்கு அந்த ஒரு விதியிலிருந்து மட்டும் விலக்கு கேளுங்கள். “மொத்தமா ஆஃப் பண்ணிடறேன் சார்” என்பார். வேண்டாம்.

“பத்து மணிக்கு ஷெட்யூல் போட்டேன், வரல”

மதியம் 3.30-க்கு வந்திருந்தால் விசாரணையே தேவையில்லை. தளத்தின் டைம்சோன் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நமக்கு அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி. செட்டிங்ஸில் ‘கொல்கத்தா’ என்று மாற்றுங்கள். காலை பத்துக்குச் சேர்க்கைப் பட்டியல் வரும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துவிட்டு, மூன்றரை மணி வரை பெற்றோர்களின் போனை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தை எனக்குத் தெரியும். அதில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

‘மிஸ்டு ஷெட்யூல்’ என்று காட்டினால், வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாகக் கடிகாரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் அது நேரம் பார்த்து, செய்ய வேண்டிய வேலை இருக்கிறதா என்று தேடுகிறது. விடியற்காலையில் ஆளே வராவிட்டால் தேடாது. வருகிற எல்லாருக்கும் கேஷே பதில் சொல்லிவிட்டாலும் வேர்ட்பிரஸ் விழிக்காது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சர்வரின் கிரான் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்ப ஏற்பாடு செய்துவிட்டால் இந்தத் தொல்லை ஓய்ந்துவிடும்.

“நாக் குழு கேட்ட லிங்க் திறக்கல”

நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு. செய்தி வகையில் முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸ் தானே திருப்பிவிடும். ‘பேஜ்’ வகைக்கு அது அப்படிச் செய்வதில்லை. இதைத் தெரியாமல், மெனுவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒருவர் ஐக்யூஏசி (உள்தர உறுதிப் பிரிவு) பக்கத்தை வேறொரு தாய்ப் பக்கத்தின் கீழ் நகர்த்தினால், அதன் கீழ் இருக்கும் அத்தனை பக்கங்களின் முகவரியும் ஒரே சொடுக்கில் மாறிவிடும். உள்ளே இருந்து மெனு வழியாகப் போகிறவருக்கு எல்லாம் திறக்கும். தன்னாய்வு அறிக்கையில் ஏற்கெனவே கொடுத்த லிங்குகள் மட்டும் செத்துக் கிடக்கும். அந்த லிங்குகளைத்தான் நாக் சரிபார்ப்பவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

நகர்த்துவதற்கு முன் ‘ரீடைரெக்‌ஷன்’ பிளகினைப் போட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுங்கள். அறிக்கையில் போன லிங்குகளைத் தனி எக்செல் கோப்பில் வைத்து, மாதம் ஒருமுறை லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பாருங்கள். அலுப்பான வேலைதான்.

“கிரிட்டிகல் எரர்” என்று மட்டும் வருகிறது

ஏதோ ஒரு பிளகினோ, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமோ விழுந்துவிட்டது. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி நடந்தால் எது விழுந்தது என்பதையும், அதை மட்டும் ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைய ஒரு லிங்கையும் வேர்ட்பிரஸ் அட்மின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. அந்த மின்னஞ்சல் யாருடையது என்று இன்றைக்கே செட்டிங்ஸில் பாருங்கள். தளத்தைத் தொடங்கி வைத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பேரனோடு இருப்பார். எச்சரிக்கைகள் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மின்னஞ்சல் கிடைக்காவிட்டால், சர்வரில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். தளம் எழுந்துவிட்டால் குற்றவாளி உள்ளே இருக்கிறான். பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். பிஎச்பியை 7-இலிருந்து 8-க்கு உயர்த்திய அன்று வந்தால் பெரும்பாலும் பழைய தீம்தான் காரணம்.

‘ஷெட்யூல்டு மெயின்டனன்ஸ்’ என்று வந்தால் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்தால் அறிவிப்பு தானே விலகும், ஆனால் பாதியில் நின்ற அப்டேட்டை மறுபடி ஓட்ட வேண்டும். ரிசல்ட் நாளில் ‘டேட்டாபேஸ் கனெக்‌ஷன்’ பிழை வந்தால் கூட்டம்; மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் இயல்பு எண்ணிக்கை 151. கூட்டம் இல்லாத நாளில் வந்தால் முதலில் டிஸ்க் நிரம்பிவிட்டதா பாருங்கள். ரிசல்ட்டை இந்தத் தளத்திலேயே வைக்காமல் தனி சர்வருக்கு அனுப்பிவிட்டு, அன்று ஒரு நாள் முகப்பில் வெறும் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை வைப்பது என் வழக்கம்.

“கூகுள்ல நம்ம பேரைப் போட்டா சூதாட்டம் வருது சார்”

இதை முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு மாணவர்தான். நீங்கள் தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கும். “இல்லையேப்பா, நல்லாத்தானே வருது” என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கூகுளின் தேடல் ரோபோவுக்கும், கூகுளிலிருந்து சொடுக்கி வருபவர்களுக்கும் மட்டும் வேறு பக்கம் காட்டும்படி எழுதப்பட்ட நிரல் இது. லாகின் செய்தவர்களை அது தொடாது.

கூகுளில் ‘சைட்’ என்று ரோமனில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைப் போடுங்கள். பக்கத்தில் கேசினோ, ஸ்லாட் போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் உருவாக்காத பக்கங்கள் வந்தால் உறுதி. ஏசி.இன் டொமைன், எர்நெட் என்ற அரசு அமைப்பு வழியாகக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைப்பது, கூகுளிடம் அதற்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்புக்காகத்தான் நுழைகிறார்கள்.

எதையும் அழிப்பதற்கு முன் தளத்தையும் லாகுகளையும் அப்படியே நகலெடுங்கள். பிறகு யூசர்ஸ் பட்டியலில் தெரியாத அட்மின் இருக்கிறாரா, கூகுளின் சர்ச் கன்சோலில் தெரியாத உரிமையாளர் சேர்ந்திருக்கிறாரா, அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படங்களும் பிடிஎஃபும் இருக்க வேண்டிய இடத்தில் பிஎச்பிக்கு வேலை இல்லை. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போடுங்கள். இலவசமாகக் கிடைத்த ‘பிரீமியம்’ தீம் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, கான்ஃபிக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகளையும் மாற்றினால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்படுவார்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இதைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பதிவாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்க நேரம் இருக்காது என்பதால், யார் அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இவ்வளவும் செய்து பத்து நாளில் மறுபடி வந்தால், முதன்மைத் தளத்தைத் துருவுவதை நிறுத்திவிட்டு அதே சர்வரில் இருக்கும் மற்ற ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு துறை 2014-இல் நடத்திய சர்வதேசக் கருத்தரங்குக்காகப் போட்ட குட்டித் தளம், அன்றைக்கு நிறுவிய பதிப்பிலேயே இருக்கும். அமைத்துக் கொடுத்த மாணவர் படித்து முடித்துப் போய்விட்டார். பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. எங்களிடம் இப்படி ஐந்து இருந்தன. பக்கங்களை எச்டிஎம்எல்லாக இறக்கி அதே முகவரியில் வைத்துவிட்டு, கீழே இருந்த வேர்ட்பிரஸையும் டேட்டாபேஸையும் நகலெடுத்த பிறகு அழித்தோம். கூகுளில் சூதாட்டப் பக்கங்கள் மறைய மேலும் சில வாரம் ஆனது. அந்த முகவரிகளுக்கெல்லாம் 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) கொடுத்து வைத்திருந்தோம்.